நாலாவது கேள்வி

வெர்லீன் தன் கொழுந்தன் ஓசியாவுக்குத் தர வேண்டியது மூவாயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு டாலர், அறுபது சென்ட். பெட்டி, குழி வெட்டிய கூலி, கறுப்பு வண்டி, பெட்டிமேல் போர்த்திய பூ எல்லாம் அதில் அடக்கம். மார்ச் மாதம் அவள் புருஷன் ஐசம் செத்துப்போனபோது அவள் கையில் நூறு டாலர்கூடத் தேறவில்லை. ஓசியாதான் நெடுஞ்சாலை ஓரத்து அடகுக் கடையில் தன் டிரக்கின் பத்திரத்தை வைத்துப் பணம் புரட்டி வந்தான்.

"ரெண்டே வாரம் அண்ணி. பாலிசிப் பணம் அஞ்சாயிரம் வந்துரும். வந்ததும் குடுங்க, வண்டிப் பத்திரத்த மீட்டுக்கறேன்" என்றான் அன்றைக்கு.

ஆறு வாரம் கழித்து வந்தது ஓர் உறை. உள்ளே ஒரு கடிதம், ஐசம் பெயரில் போட்ட பாலிசி விண்ணப்பத்தின் நகல், அறுநூற்றுப் பதினாறு டாலருக்கு ஒரு செக். வாரம் பதினோரு டாலர் வீதம் ஐம்பத்தாறு வாரம் கட்டியதை அப்படியே திருப்பி அனுப்பியிருந்தார்கள். ஓசியா சமையலறை மேசையில் உட்கார்ந்து கடிதத்தின்மேல் விரலை ஓட்டினான். சில இடத்தில் விரல் நின்றது. சில இடத்தில் ஒரே தாவாகத் தாவியது. படித்து முடித்துவிட்டுச் சொன்னான், நாம் ஏதோ மறைத்துவிட்டோமாம், பாலிசி செல்லாதாம். எல்லாம் அந்த டீக்கன் பர்விஸ் பண்ணின வேலை, காகிதத்தை நிரப்பியது அவர்தானே, கமிஷனுக்காகக் கண்டபடி டிக் போட்டிருப்பார். செக்கை மாற்றக் கூடாது, மாற்றினால் நாம் பொய்யர்கள் என்று நாமே ஒத்துக்கொண்டதாகும்.

வெர்லீன் காகிதங்களை மடித்து உள்ளே போட்டாள். உறையை எடுத்துப் பெரிய ஃப்ரீசரின் மேலே, மாவு டப்பாவுக்குப் பின்னால் சொருகிவிட்டாள்.

டீக்கன் பர்விஸ் வெர்லீனுடைய சபைக்காரர்தான், அங்கே பொறுப்பில் இருப்பவர். முப்பது வருஷமாக வீடு வீடாகப் போய் அடக்கச் செலவு பாலிசிக்கு வாரப் பணம் வாங்குகிறவர். சட்டைப் பையில் இரண்டு பேனா, கக்கத்தில் ஒரு நீளமான நோட்டு. ஓசியா விஷயத்தை முடி வெட்டும் கடையில் சொன்னான், பெட்ரோல் பங்கில் சொன்னான். கோடை முடிவதற்குள் பாதி வீட்டில் பர்விஸுக்குக் கதவு திறப்பது நின்றுபோயிற்று. ஞாயிற்றுக்கிழமை அவர் உட்காரும் பெஞ்சில் அவருக்கு இரண்டு பக்கமும் இடம் காலியாகக் கிடந்தது. வெர்லீன் பாட்டுக் குழுவில் நின்றபடி அந்தக் காலி இடத்தைப் பார்ப்பாள். பார்த்துவிட்டுப் பாட்டுப் புத்தகத்துக்குள் முகத்தைப் புதைத்துக்கொள்வாள்.

அக்டோபரில் ஒரு வியாழக்கிழமை மதியம், கெளுத்தி மீன் ஆலையில் ஷிஃப்ட் முடிந்து அவள் வெளியே வந்தபோது வாசலில் டிரக் நின்றது. ரோட்டோரம் முழுக்கப் பஞ்சு சிதறிக் கிடக்கும் காலம். ஓசியா இறங்கவில்லை, கண்ணாடியை மட்டும் இறக்கினான்.

"ஞாயித்துக்கிழம ஆராதன முடிஞ்சதும் சபைக் கூட்டம் வெச்சிருக்கு. பர்விஸ டீக்கன் பொறுப்புலேர்ந்து எடுக்கணும்னு நான்தான் எழுதிக் குடுத்திருக்கேன். நீங்க எழுந்து நின்னு, ஆமா, அவருதான் டிக் போட்டாருன்னு ஒரு வார்த்த சொன்னாப் போதும்."

"அதனால பணம் வந்துருமா?"

"சபை கையெழுத்துப் போட்டு எழுதினா கம்பெனிக்காரன் பயப்படுவான் அண்ணி. அஞ்சாயிரமும் வரும்." அவன் ஸ்டியரிங்கைத் தடவினான். "ரெண்டு மாசமா வட்டி கட்டல. வர்ற மாசம் வண்டியத் தூக்கிட்டுப் போயிருவான். வண்டி இல்லேன்னா நான் வேலைக்கு எதுல போறது, கெளுத்தி மேல ஏறியா?"

பார்க்கலாம் என்றாள். சரி என்று சொன்னதாக எடுத்துக்கொண்டு அவன் போய்விட்டான்.

அவள் சொல்ல முடியாத சங்கதி இது. அந்த டிக்குகளைப் போட்டது பர்விஸ் அல்ல, அவள்.

போன வருஷம் பிப்ரவரியில், ஐசம் வேலைக்குப் போயிருந்த நேரம் பர்விஸ் வந்தார். நாலு பக்கக் காகிதம். மூன்று பக்கத்தை அவரே கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டார். ஒரு பக்கத்தை மட்டும் அவள் பக்கம் திருப்பி, இது நான் போடக் கூடாது சிஸ்டர், நீங்களே படிச்சு டிக் போடணும் என்று பேனாவை நீட்டினார். வெர்லீனுக்குச் சின்ன வார்த்தைகள் தெரியும். நீளமான வார்த்தை வந்தால் கண் அதைத் தாண்டிக் குதித்துவிடும். பள்ளிக்கூடம் என்று அவள் போனதெல்லாம் பருத்தி இல்லாத மாதங்களில்தான், அதுவும் நாலாம் வகுப்பு வரை. இது ஐசமுக்கு மட்டும் தெரியும். ஊருக்கு முன்னால் அவளிடம் ஆயிரம் தந்திரம் இருந்தது. கண்ணாடியை மறந்துட்டேன், வீட்டில் வைத்து நிதானமாகப் பார்க்கிறேன், தலை வலிக்கிறது நீயே படியேன். அன்றைக்கு எதிரில் உட்கார்ந்திருந்தது சபையின் டீக்கன். அவளோ சபையின் மாதர் குழுவில் பொறுப்பில் இருப்பவள். ஐசமின் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டாள். படிக்கத் தெரிந்தவளுக்கு எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் கண்ணை வரிவரியாக இறக்கினாள். வலது பக்கத்தில் 'நோ' என்று ஒரு வரிசை; அது அவளுக்குத் தெரிந்த சொல். காகிதம் எதைக் கேட்டாலும் இல்லை என்று சொல்வதுதான் பத்திரம் என்பது அவள் ஆயுளில் கற்றது. வரிசை முழுக்க டிக் போட்டாள்.

"படிச்சிட்டீங்களா சிஸ்டர்?" என்றார் அவர். படிச்சேன் என்றாள். மறுபடி கேட்டார். மறுபடியும் படிச்சேன் என்றாள்.

கடிதம் வந்த பிறகும் அவள் தனக்கே ஒரு சமாதானம் சொல்லி வைத்திருந்தாள். நாலு பக்கத்தில் நான் போட்டது ஒரு பக்கம். தப்பு அவர் எழுதின மூன்று பக்கத்தில் இருக்கலாம் அல்லவா? அந்தச் சமாதானத்தை உடைக்காமல் வைத்துக்கொள்ளத்தான் ஃப்ரீசர் மேலிருந்து உறையை அவள் எடுக்கவேயில்லை.

ஐசம் போன மறுமாதம், இனி வீட்டுக்கு வரும் காகிதத்தைப் படிக்க ஆளில்லை என்பதால், நூலகத்தின் பின்னறையில் சனிக்கிழமை காலை நடக்கும் பெரியவர்கள் வகுப்பில் சேர்ந்தாள். லைன் மேற்பார்வை வேலைக்கு டிப்ளமா கேட்கிறார்கள் என்று ஊரில் சொல்லிக்கொண்டாள். சொல்லித் தரும் மிஸ் கிம்ப்ரோவுக்கு வெர்லீனின் வயதில் பாதிகூட இருக்காது. மேசைமேல் ஏறி உட்கார்ந்துகொண்டு பாடம் நடத்துவாள். அவள் கொடுத்த சாவி ஒன்றுதான். நீளமான வார்த்தையைப் பார்த்துப் பயப்படாதே, அது ஒரே துண்டு இல்லை. முன்னால் ஒரு சின்னத் துண்டு மாட்டியிருக்கும், பழைய லத்தீன் துண்டு. 'ப்ரீ' என்றால் முன்னால். 'ரீ' என்றால் திரும்ப, பின்னுக்கு. 'டிஸ்' என்றால் போட்டதை நீக்குவது. 'எக்ஸ்' என்றால் வெளியே. ஒவ்வொரு துண்டுக்கும் ஓர் அட்டை, அதன் கீழே அந்தத் துண்டில் தொடங்கும் சொற்கள், ஒவ்வொரு சொல்லுக்கும் அதே பொருள் தரும் வேறு இரண்டு சொற்கள்.

டிராக்டர் ஓட்டும் லூஷியஸுக்கு இது உடனே பிடித்துப்போயிற்று. முன்னால் மாட்டுற வண்டி எந்தப் பக்கம் இழுக்குதோ அந்தப் பக்கம் ட்ரெய்லர் போகும், அவ்வளவுதானே மிஸ் என்றான்.

வெர்லீனுக்கு அது மீன். தலை எங்கே முடிகிறது என்று தெரிந்தால் கத்தியை எங்கே வைக்க வேண்டும் என்று தெரியும். ஆலையில் பூட்ஸ் நனைக்கும் தொட்டியின்மேல் பதினொரு வருஷமாக எழுதியிருந்த நீளச் சொல்லை ஒருநாள் 'டிஸ்' என்று பிரித்தாள். மிச்சம் இருந்தது தொற்றைக் குறிக்கும் சொல். தொற்றை நீக்குவது. கால் தண்ணீரில் இருக்க, வரிசையில் பின்னால் நின்றவள் தள்ளும்வரை அங்கேயே நின்றாள். அட்டைகளைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு ஏப்ரனுக்குள் வைத்திருப்பாள். கத்தி பிடித்துப் பிடித்துப் பெருவிரல் மரத்துப்போன கை. அட்டையைப் பிடிப்பதே தெரியாது, கண்ணால் பார்த்துத்தான் பிடித்திருக்கிறோம் என்று நம்ப வேண்டும்.

வகுப்பில் ஒரு வழக்கம். ஒவ்வொரு சனியும் ஆளுக்கொரு சொல்லைத் தங்கள் வீட்டுக் காகிதத்திலிருந்து கொண்டுவர வேண்டும். கரண்ட் பில், மருந்துப் பாட்டில், கோர்ட் நோட்டீஸ், எதுவானாலும் சரி. எங்கிருந்து எடுத்தாய் என்று யாரும் கேட்கக் கூடாது. அது மிஸ் கிம்ப்ரோ போட்ட சட்டம். கேட்டால் பாதிப் பேர் வரமாட்டார்கள் என்று அவளுக்குத் தெரியும்.

சபைக் கூட்டத்துக்கு முந்தைய நாள். லூஷியஸ் கொண்டு வந்தது 'ரீவோக்'. அவன் ஓட்டுநர் உரிமத்தைப் பறித்த கடிதத்தில் இருந்தது என்று எல்லாருக்கும் தெரியும், யாரும் கேட்கவில்லை. திரும்ப என்று ஒரு துண்டு, கூப்பிடு என்று ஒரு துண்டு. கொடுத்ததைத் திரும்பக் கூப்பிட்டுக்கொள்வது.

"அப்ப என் பொண்டாட்டி என்னை ரீவோக் பண்ணிட்டா மிஸ். ஆனா திரும்பக் கூப்பிடல, திரும்பிப் பாக்காதேன்னுட்டா."

சிரிப்பு அடங்கியதும் மிஸ் கிம்ப்ரோ வெர்லீனைப் பார்த்தாள். அன்று காலைதான் வெர்லீன் முதல்முறையாக உறையைக் கீழே இறக்கி, கடிதத்தின் நடுவிலிருந்து ஒரு சொல்லை மட்டும் அட்டையில் எழுத்து எழுத்தாகப் பார்த்து எழுதி வந்திருந்தாள். மற்றதைப் படிக்கத் துணிவு வரவில்லை. அட்டையை நீட்டினாள். மிஸ் கிம்ப்ரோ அதைப் பலகையில் எழுதினாள்: டிஸ்க்ளோஸ்.

"பிரிங்க மிஸ் வெர்லீன்."

"டிஸ். அப்புறம் க்ளோஸ்."

"க்ளோஸ்னா?"

"மூடறது."

"டிஸ் என்ன பண்ணும்?"

"போட்டத எடுக்கும்." அவள் நிறுத்தினாள். "மூடினத எடுக்கறது. திறக்கறது."

இதே பொருளில் வேறு சொற்கள் கேட்டதும் வகுப்பு ஆளுக்கொன்றாகப் போட்டது. காட்டுவது. வெளியே வைப்பது. உள்ளதைச் சொல்வது. ஒப்புக்கொள்வது. மிஸ் கிம்ப்ரோ ஒவ்வொன்றாகக் கீழே எழுதிக்கொண்டே போனாள். எழுதி முடித்து, இந்தச் சொல்லைக் காகிதத்தில் பார்த்தபோது அதற்கு முன்னால் வேறு ஏதாவது இருந்ததா என்று கேட்டாள்.

"செய்யலன்னு இருந்துச்சு" என்றாள் வெர்லீன். "அந்த ஆளு இத செய்யலன்னு."

"அப்ப அதுக்கு என்ன சொல்லலாம்?"

மறைச்சுட்டாங்க என்றது ஒரு குரல். மூடியே வெச்சுட்டாங்க என்றது இன்னொன்று.

"பொய் சொன்னாங்க" என்றான் லூஷியஸ்.

பொய் என்பது இல்லாததைச் சொல்வது, இது இருப்பதைச் சொல்லாமல் விடுவது, இரண்டும் ஒன்றில்லை, பங்காளிகள் என்று வைத்துக்கொள்ளலாம் என்றாள் மிஸ் கிம்ப்ரோ.

"எங்கம்மாகிட்ட ரெண்டுக்கும் ஒரே பெல்ட்டுதான்" என்றான் அவன்.

எல்லாரும் சிரித்தார்கள். வெர்லீனை ஒரு வாக்கியம் சொல்லச் சொன்னார்கள். வாக்கியம் வரவில்லை என்றாள். வாக்கியம் வந்திருந்தது.

வீட்டுக்கு வந்து கையைக் கழுவி, சமையலறை மேசையில் விண்ணப்பத்தின் நகலைப் பரப்பினாள். டிக் உள்ள பக்கத்தை எடுத்தாள். சொல்லின் பின்பாதியைப் பெருவிரலால் மறைத்து முன்பாதியை, பிறகு முன்பாதியை மறைத்துப் பின்பாதியை என்று படித்தாள். மூன்று கேள்வி தாண்ட ஒரு மணி நேரம் ஆனது. நாலாவது கேள்வியில் 'ப்ரீ' என்று தொடங்கும் ஒரு நீளச் சொல். ப்ரீ, முன்னால். அதன் உள்ளேயே இன்னொரு துண்டு, எக்ஸ், வெளியே. மிச்சத்துக்கு நிற்பது என்று பொருள் என வகுப்பில் ஒருமுறை சொன்னது நினைவில் இருந்தது. முன்னாலேயே வெளியே வந்து நின்றது. நாங்கள் கேட்பதற்கு முன்னாலேயே உங்கள் உடம்பில் வந்து நின்ற நோய் உண்டா?

உண்டு. ஐசமின் சிறுநீரகம் பாதி போய்விட்டது என்று டாக்டர் சொன்னது, பர்விஸ் வருவதற்கு நாலு மாதம் முன்பு. அவள்தான் கூடப் போயிருந்தாள். யாராவது வாயால் கேட்டிருந்தால் ஆமாம் என்றுதான் சொல்லியிருப்பாள். பாலிசி அப்போது கிடைத்திருக்காது, அல்லது வேறு மாதிரி கிடைத்திருக்கும். ஓசியா டிரக்கை அடகு வைத்திருக்க மாட்டான்.

பக்கத்தில் 'நோ' கட்டத்தில் டிக். அவள் இடதுகைக்காரி. ஆலையில் பெட்டிகளுக்கு எதிரே அவள் போடும் டிக்கின் வால் எப்போதும் இடது பக்கம் வளையும். மற்றவர்கள் அதைத் தூண்டில் முள் என்று கேலி செய்வார்கள். அந்தப் பக்கத்தில் பதினொரு தூண்டில் முள் வரிசையாக நின்றன. இத்தனை மாதம் அதைக் கையில் வைத்திருந்தும் ஓசியாவின் கண்ணில் அது படவில்லை. வேறு யாருக்கும் தெரியப்போவதுமில்லை. நாளைக்கு எழுந்து நின்று ஒரு வார்த்தை சொன்னால் எல்லாரும் நம்புவார்கள். பர்விஸைத்தான் ஏற்கெனவே யாரும் நம்பவில்லையே.

மறுநாள் ஆராதனை முடிந்து பாஸ்டர் கூட்டத்தைத் திறந்தார். ஓசியா எழுந்து வழக்கைச் சொன்னான், நன்றாகவே சொன்னான். பெண்கள் காகித விசிறியை ஆட்டிக்கொண்டு தலையசைத்தார்கள். பர்விஸ் தன் பெஞ்சில் தொப்பியை முழங்காலில் கவிழ்த்து வைத்து அதன் விளிம்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். சிஸ்டர் வெர்லீன் ஏதாவது சொல்ல விரும்புகிறாரா என்று பாஸ்டர் கேட்டார்.

அவள் காகிதத்தோடு முன்னால் போனாள். யார் கண்ணையும் பார்க்காமல் நாலாவது கேள்வியைப் படிக்கத் தொடங்கினாள். சபையில் அவள் எத்தனையோ முறை வேதவசனம் ஒப்பித்திருக்கிறாள், எல்லாம் மனப்பாடம். காகிதத்தைப் பார்த்து வாசித்தது இதுதான் முதல்முறை. ப்ரீ என்றாள். நிறுத்தினாள். எக் என்றாள். பெருவிரல் தானாக ஊர்ந்து சொல்லின் பாதியை மறைத்தது. பின் பெஞ்சில் ஒருத்தி, என்ன ஆச்சு இவளுக்கு, கண்ணாடி எங்கே என்று முணுமுணுத்தாள். ஒரு கேள்வியைப் படித்து முடிக்க ஒரு பாட்டு பாடும் நேரம் ஆனது. விசிறிகள் ஒவ்வொன்றாக நின்றன.

"இந்த டிக் என் கை" என்றாள் வெர்லீன். "டீக்கன் போடல. அவரு என்னைப் படிக்கச் சொன்னாரு. அன்னிக்கு எனக்கு இத படிக்கத் தெரியாது. தெரிஞ்ச மாதிரி உக்காந்திருந்தேன். இத்தன மாசம் வாய மூடிட்டும் இருந்தேன்."

பர்விஸ் தலையைத் தூக்கினார்.

"ரெண்டு தடவ கேட்டேன் சிஸ்டர்" என்றார்.

"கேட்டீங்க."

அவர் தொப்பியை எடுத்துக்கொண்டு நடுவழியாக நடந்து வெளியே போனார். அவரைத் தொட்டு ஒரு வார்த்தை சொல்லப் பலரும் கையை நீட்டினார்கள். அவர் எந்தக் கைக்கும் நிற்கவில்லை. வெளியே டிரக் கிளம்பும் சத்தம் கேட்டது. ஓசியா அவருக்கும் முன்பே வெளியேறியிருந்தான்.

திங்கட்கிழமை அவள் செக்கை மாற்றினாள். அது காலாவதியாக இன்னும் ஒன்பது நாள்தான் பாக்கி. வங்கிச் சீட்டில் 'ரீஃபண்ட்' என்றிருந்தது. திரும்ப ஊற்றுவது. அறுநூற்றுப் பதினாறையும் அப்படியே கொண்டுபோய் ஓசியாவின் வாசலில் நீட்டினாள். அடகுக் கடைக்காரனை அந்த மாதம் சமாளிக்க அது போதும், டிரக் போகாது. அவன் வாங்கி எண்ணினான். வட்டி எவ்வளவு என்று கேட்டாள்.

"அது என் பாடு" என்றான். "படிக்காம பேசினது நானும்தான்."

அதற்குப் பிறகு அவன் அவளோடு பேசவில்லை. வெள்ளிக்கிழமை தோறும் சம்பளம் வாங்கியதும் அறுபது டாலரை உறையில் போட்டு அவன் வீட்டுக் கதவில் கொடுப்பாள். அவன் பழைய உறையின் பின்புறம் மீதித் தொகையை எழுதித் திருப்பித் தருவான். அவ்வளவுதான். ஆலையில் சிலர் அவள் காதுபடவே கண்ணாடி மாட்டிப் படிப்பதுபோல் நடித்துக் காட்டினார்கள். மாதர் குழுவிலிருந்து அவளாகவே விலகிக்கொண்டாள். சனிக்கிழமை வகுப்பை விடவில்லை. லூஷியஸ் மட்டும் ஒருநாள், உங்க வார்த்தைக்கு நான் சொன்னது தப்பு மிஸ் வெர்லீன், தெரிஞ்சிருந்தா வாய மூடியிருப்பேன் என்றான். நீ சொன்னது சரிதான் என்றாள்.

பர்விஸ் அடுத்த மாதமே ஆற்றுக்கு அந்தப் பக்கம் உள்ள வேறு சபைக்குப் போய்விட்டார். வெர்லீன் அவருக்கு ஒரு கடிதம் எழுதினாள், வாழ்க்கையில் அவள் எழுதிய முதல் கடிதம், ஒன்றரைப் பக்கம். மூன்று முறை கிழித்து எழுதினாள். பதில் வரவில்லை. மீனை அறுத்துக்கொண்டிருக்கும்போது, எந்த வார்த்தையைத் தப்பாக எழுதிவிட்டோம் என்று யோசிப்பாள். எந்த வார்த்தையுமில்லை என்றும் அவளுக்குத் தெரியும்.

அடுத்த செப்டம்பரில், நாற்பத்தாறு வெள்ளிக்கிழமைகள் கழித்து, மீதி முப்பத்தாறு டாலர் அறுபது சென்ட் இருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை அதைச் சில்லறையோடு எண்ணி எடுத்துக்கொண்டு போனாள். ஓசியா வாங்கினான். உறையில் எழுதப் பேனாவை எடுத்தவன் எழுதவில்லை. உள்ளே போய் ஒரு காகிதத்தோடு வந்தான். அடகுக் கடையிலிருந்து அன்று காலை வந்தது. வேலைக்கு மேல் வேலை பார்த்து, போன வாரம்தான் அசலையும் வட்டியையும் அவன் அடைத்திருந்தான்.

"இது என்னன்னு தெரியல" என்றான், அவளைப் பார்க்காமல். "பாதி வார்த்த எனக்குப் புடிபடல. அன்னிக்கும் புடிபடலதான். பாத்துச் சொல்லுங்க அண்ணி."

அவள் காகிதத்தை வெளிச்சத்துக்குத் திருப்பினாள். அவன் பொறுமையாக நின்றான். இரண்டு இடத்தில் பெருவிரலை வைத்து மறைத்துப் பார்த்தாள், ஒரு வரியைத் திரும்பவும் படித்தாள்.

"பிடிய விட்டுட்டாங்களாம். வண்டிமேல அவங்களுக்கு இனி ஒண்ணும் இல்லையாம். பத்திரம் தபால்ல வரும்."

"மறைச்சு எதுவும் இல்லியே?"

"இல்ல. முழுசும் படிச்சேன்."

அவன் காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். பிறகு அந்தப் பழைய உறையின் பின்புறம், கீழிறங்கிக்கொண்டே வந்த எண்களின் கடைசியில், ஒரு பூஜ்யம் போட்டு அவள் கையில் கொடுத்தான்.